ஆண்டறிக்கைக்கு உருவப்படம்: சேலையா, கோட்டா? மூக்குக் கண்ணாடியை என்ன செய்வது?

கேள்வி: கோவை_உற்பத்தி

வணக்கம். கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் உற்பத்திப் பிரிவின் பொது மேலாளராக அண்மையில் பொறுப்பேற்றிருக்கிறேன். ஆண்டறிக்கையிலும் நிறுவனத்தின் இணையதளத்திலும் வெளியிடுவதற்காக மேலாளர்கள் அனைவரையும் அடுத்த மாதம் ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்புகிறார்கள். ஆளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதே படத்தை லிங்க்ட்இன் பக்கத்திலும் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

எனக்கு வயது 51. கல்யாண ஆல்பங்களைத் தவிர, கேமராவுக்கு முன்னால் தனியாக நின்று பழக்கமில்லை. அடையாள அட்டைக்காக முன்பு ஓரிடத்தில் எடுத்த படத்தில் மூக்குக் கண்ணாடியின் இரண்டு சில்லுகளிலும் வெள்ளைச் சதுரங்கள் விழுந்திருந்தன. என்னுடைய கறுத்த நிறத்தை யாரும் கேட்காமலேயே வெளுத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த அட்டையைக் காட்டும் ஒவ்வொரு முறையும் வாயிற்காவலர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பது வாடிக்கையாகிவிட்டது.

என்னுடன் படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் அனைவரும் ஆண்கள். கோட்டு அணிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் நாள்தோறும் சேலைதான் உடுத்துகிறேன். படத்துக்காக மட்டும் கோட்டுப் போட்டுக்கொள்வதா, சேலையிலேயே போவதா? கண்ணாடியைக் கழற்றிவிடலாமா? முன்நெற்றியில் நரை நன்றாகத் தெரிகிறது. அதற்குச் சாயம் பூச வேண்டுமா? நிறத்தை மாற்றாமல் எடுக்கச் சொல்வதற்கு என்ன வார்த்தை சொன்னால் ஸ்டூடியோக்காரர்களுக்குப் புரியும்? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: சென்னை_ஒளிப்படக்காரன்

வணக்கம் அம்மா. அலுவலக உருவப்படங்கள் எடுப்பதே என் தொழில் என்பதால், கேமராவுக்கு இந்தப் பக்கம் நிற்பவனாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். நாள்தோறும் கண்ணாடியோடு உங்களைப் பார்ப்பவர்களுக்கு அது இல்லாத முகம் வேறொருவர் முகமாகத்தான் தெரியும். மூக்கின் இருபுறமும் அதன் தடம் பதிந்திருப்பதும் அப்போது வெளியே வந்துவிடும். சில்லுகளில் வெள்ளைச் சதுரம் விழுந்ததற்குக் காரணம், விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்தில் உங்கள் கண் மட்டத்திலேயே வைத்ததுதான். முதன்மை விளக்கை உயர்த்திப் பக்கவாட்டில் நகர்த்தினால் அந்தப் பிரதிபலிப்பு கேமராவின் பார்வைக் கோட்டிலிருந்து விலகிவிடும். அதுவும் போதவில்லையென்றால், கண்ணாடியின் காதுப் பிடிகளைக் காதிலிருந்து மயிரிழை அளவு தூக்கி வைத்தால் சில்லு சற்றே கீழ்நோக்கிச் சாயும். படத்தில் அந்தச் சாய்வு தெரியாது, வெள்ளைச் சதுரம் மட்டும் மறைந்துவிடும். பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு கொண்ட சில்லு நல்லதுதான் என்றாலும், அதிலும் பச்சை அல்லது நீலச் சாயல் ஒன்று தங்குவதுண்டு. அதிகப் பவர் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மைனஸ் பவர் சில்லுக்குள் தெரியும் கன்னத்தின் விளிம்பு உள்வாங்கி, முகத்தின் ஓரம் உடைந்ததைப் போல் தோன்றும். பழைய ஃபிரேம் ஒன்று வீட்டில் இருந்தால் கண்ணாடிக் கடையில் கொடுத்துச் சில்லுகளை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு, அந்த வெற்று ஃபிரேமையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; எதுவும் சரிவரவில்லையென்றால் அதை அணிந்து எடுத்துக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பலர் நினைப்பதைப் போல் தவறு முழுவதும் கணினியில் நடப்பதில்லை; பாதி, படம் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. வரிசையாகப் பலரை எடுக்கும் நாளில் முதலில் வந்து நின்றவரின் நிறத்துக்கு வைத்த ஒளி அளவே கடைசி ஆள்வரை தொடரும். கறுத்த நிறமுள்ளவர் அதே ஒளியில் நின்றால் முகம் இருண்டு பதிவாகும். பிறகு அதைக் கணினியில் தூக்கி நிறுத்தும்போது தோல் சாம்பல் பூத்தது போலாகிவிடும். அந்தச் சாம்பலை மறைக்கத்தான் வெளுப்பு. எனவே ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும், "எனக்குத் தனியாக ஒளி அளவைப் பார்த்துவிட்டு எடுங்கள்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் தொழில் தெரிந்தவருக்குப் போதும். கறுத்த தோலுக்கு முகத்தின் வடிவத்தைத் தருவது நிழலைவிட அதன் மேல் விழும் மென்மையான ஒளிப் பரப்புகளே. பெரிய சாஃப்ட்பாக்ஸை (ஒளியை மென்மையாக்கும் துணி மூடிய விளக்குப் பெட்டியை) பக்கவாட்டில் வைத்து எடுத்தால் கன்னமும் தாடையும் தாமாகவே எழுந்து நிற்கும். எதிரே நின்று நேரடியாக அடிக்கும் ஃப்ளாஷ் அனைத்தையும் தட்டையாக்கிவிடும். இது இன்று நேற்று வந்த சிக்கலும் இல்லை. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் கழுவும் லேப்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் பல்லாண்டுக் காலம் வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படமே அளவுகோலாக இருந்தது. "ஷெர்லி அட்டை" என்றே அதை அழைத்தார்கள்.

பின்னணி முழுக் கறுப்பாக இருந்தால் கூந்தல் அதில் கரைந்துவிடும். கூந்தலுக்கென்று பின்னாலிருந்து ஒரு தனி விளக்கு வைக்க வேண்டியிருக்கும். நடுத்தரச் சாம்பல் நிறப் பின்னணி உங்களுக்கு எளிது. ஆனால் எல்லோருக்கும் ஒரே பின்னணி என்று உங்கள் நிறுவனம் முடிவு செய்திருந்தால் அதை மாற்றக் கேட்காதீர்கள். ஆண்டறிக்கையில் ஒரு முகம் மட்டும் வேறு நிறப் பின்னணியில் இருந்தால் பிறகு ஒட்டவைத்தது போலத் தெரியும்.

நிற்கும் முறையில் இரண்டே செய்திகள். உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முகத்தை மட்டும் கேமராவை நோக்கிக் கொண்டுவாருங்கள். பிறகு ஆமை தலையை நீட்டுவதைப் போல் நெற்றியை ஓர் அங்குலம் முன்னே நீட்டி, மோவாயை இம்மியளவு தாழ்த்துங்கள். செய்யும்போது கோமாளித்தனமாகத் தோன்றும். படத்தில் கழுத்துக்கும் தாடைக்கும் இடையே ஒரு தெளிவான கோடு விழுந்து, 51 வயதில் நம் அனைவருக்கும் வரும் அந்தக் கூடுதல் மோவாய் காணாமல் போகும். நியூயார்க்கில் உருவப்படங்களுக்காகவே அறியப்பட்ட பீட்டர் ஹர்லி என்ற ஒளிப்படக் கலைஞர் தாடையை இப்படி முன்தள்ளுவதையும், கீழ் இமையை இலேசாக இறுக்குவதையும் வலியுறுத்துவார். கண்ணை அகல விழித்தால் அச்சம் தெரியும், கீழ் இமை சற்று இறுகினால் தன்னம்பிக்கை தெரியும் என்பது அவர் கட்சி. என் அனுபவத்திலும் அது உண்மை.

பதில் 2: பெங்களூர்_மக்கள்தொடர்பு

நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைத் தொகுக்கும் வேலையில் இருப்பதால் உடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சேலையிலேயே போங்கள், அக்கா. கோட்டுப் போடுவது தவறு என்று சொல்ல வரவில்லை; நாள்தோறும் போடுகிறவர்களுக்கு அதுதான் பொருத்தம். படத்துக்காக மட்டும் கடன் வாங்கிப் போட்ட கோட்டு, தோள்பட்டையின் தையல் தோளைத் தாண்டி ஓர் அங்குலம் வெளியே நிற்பதிலேயே காட்டிக்கொடுத்துவிடும். மற்றவர்கள் கோட்டில் வருகிறார்கள் என்பதற்காக நீங்கள் ஒத்துப்போக வேண்டியது நிறத்தில்தான். அவர்கள் கருநீலமும் சாம்பலும் அணிந்தால், நீங்கள் அதே அழுத்தமுள்ள மயில்கழுத்து நீலம், அரக்கு, கரும்பச்சை போன்ற ஒன்றில் இருந்தால் பக்கம் முழுவதும் ஒன்றாக நிற்கும்.

ஆண்டறிக்கைப் படம் பெரும்பாலும் மார்பளவோடு முடிந்துவிடும். அதில் தெரியப்போவது இடத் தோள், முந்தானை மடிப்பு, ரவிக்கையின் கழுத்து ஆகிய மூன்றுதான். எனவே சேலையின் விலையைவிட ரவிக்கையின் கழுத்தும் தோளும் கச்சிதமாக இருப்பதே முக்கியம். அகலச் சரிகைக் கரை போட்ட பட்டு வேண்டாம். ஃப்ளாஷ் பட்டதும் சரிகை வெள்ளைப் பட்டையாக எரிந்து, பார்ப்பவரின் கண்ணை முகத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். நெருக்கமான சிறு கட்டங்களும் மெல்லிய கோடுகளும் ஆகாது. கேமராவின் சென்சாரும் நெசவும் ஒன்றோடொன்று மோதித் துணியின் மேல் அலையலையாக ஒரு பொய்க்கோலம் விழும்; படத்தைச் சிறிதாக்கும்போது அது இன்னும் மோசமாகும். விறைப்பாகக் கஞ்சி போட்ட பருத்தி தோளில் புடைத்து நிற்கும். உங்கள் ஊரிலேயே கிடைக்கும் கோரா பருத்தியோ, வேறு பட்டுப்பருத்திச் சேலையோ, ஒற்றை நிறத்தில், ஒடுங்கிய கரையோடு இருந்தால் தோளில் படிந்து விழும். முந்தானையை மடித்து உள்பக்கமாக ஊக்குக் குத்துங்கள். ஊக்கின் தலை ஃப்ளாஷில் ஒரு நட்சத்திரமாகத் தெரிந்த படங்கள் என்னிடம் ஏராளமாக வந்திருக்கின்றன.

இன்னொன்றை யாரும் சொல்ல மாட்டார்கள். காரில் போவதாக இருந்தால் இடப்பக்க இருக்கையில் உட்காராதீர்கள். அங்கே சீட் பெல்ட் இடத் தோளின் மேல்தான் வரும். அரை மணி நேரப் பயணத்தில் முந்தானை மடிப்புகள் குறுக்கே நசுங்கி, எந்த ஊக்காலும் சரிசெய்ய முடியாத ஒரு சாய்வுக்கோடு விழுந்துவிடும். பின்னால் வலப்பக்கம் உட்கார்ந்தால் பெல்ட் வலத் தோளில் வரும். முடிந்தால் இஸ்திரி போட்ட சேலையைக் கையில் எடுத்துச் சென்று அங்கேயே உடுத்துங்கள். அலுவலக அடையாள அட்டையின் கயிற்றையும் காலையிலேயே கழற்றிவிடுங்கள். ரவிக்கைக் கழுத்தில் அதன் தடம் நெடுநேரம் நிற்கும்.

பதில் 3: திருச்சி_ஒப்பனை

அக்கா, நரையைப் பற்றி முதலில். வழக்கமாகச் சாயம் பூசுகிறவர் என்றால், ஒரு வாரத்துக்கு முன்பே பூசிவிடுங்கள். முந்தின நாள் பூசினால் நெற்றி ஓரத்தில் தோலிலும் கறை படிந்து, ஸ்டூடியோ விளக்கில் கறுப்புக் கோடாகத் தெரியும். வழக்கமில்லை என்றால் இந்தப் படத்துக்காகத் தொடங்கவே வேண்டாம். முழு நரை அழகாகவே விழும். வகிட்டில் அரை விரல்கடை வெளுத்து மீதி கறுத்திருப்பதுதான் கண்ணை உறுத்தும். முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். அன்றைக்குக் காலையில் குளித்தால் முடி அடங்காமல் பறக்கும். பின்விளக்கில் அந்தப் பறக்கும் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னும். தேங்காய் எண்ணெய் தடவிப் படிய வாருவதும் வேண்டாம், உச்சியில் பளபளவென்று ஒரு திட்டு விழும். துளி ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்துவிட்டு முடியின் மேல் ஒற்றினால் போதும்.

ஒப்பனை செய்துகொள்வதாக இருந்தால், ஃபவுண்டேஷனின் நிறத்தைக் கைமேல் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். தாடை ஓரத்தில் தடவி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்தோடு கலந்து காணாமல் போவதுதான் உங்கள் நிறம். விற்பவர் ஒரு படி வெளுத்ததையே எடுத்துக் கொடுப்பார், அது அவருடைய பழக்கம், பிடிவாதமாக மறுத்துவிடுங்கள். துத்தநாக ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் சேர்ந்த சன்ஸ்கிரீனும், சிலிக்கா கலந்த மெல்லிய வெள்ளைப் பவுடரும் கண்ணாடியில் பார்க்கும்போது தெரியாமலிருந்து, ஃப்ளாஷ் பட்டதும் முகத்தை மட்டும் வெள்ளையாக்கிவிடும். நீங்கள் சொன்ன அடையாள அட்டைப் படத்தில் இதற்கும் பங்கிருந்திருக்கலாம். எதைப் பூசினாலும் இருட்டறையில் நின்று கைபேசியின் ஃப்ளாஷைப் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஸ்டிக்கர் பொட்டு வைப்பீர்களென்றால் பளபளப்பில்லாத அரக்கு நிறம் நல்லது. குங்குமம் வைப்பதாக இருந்தால் வைத்த பிறகு மூக்குத்தண்டை மென்தூரிகையால் ஒருமுறை துடையுங்கள். உதிர்ந்த குங்குமத் துகள் படத்தில் சிவப்புப் புள்ளிகளாக விழும், அதைப் பரு என்று நினைத்து யாராவது கணினியில் அழிக்கத் தொடங்குவார்கள். மூக்குத்தியைக் கழற்ற வேண்டியதில்லை. தோடு சிறியதாக இருக்கட்டும்; ஜிமிக்கி ஆடினால் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். முந்தின நாள் இரவு ஊறுகாயையும் அப்பளத்தையும் தவிருங்கள். உப்பு கூடினால் காலையில் கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கும்.

பதில் 4: ஓய்வுபெற்ற_வங்கியாளர்

இவ்வளவு ஏற்பாடுகள் தேவையா என்ற ஐயத்தோடு எழுதுகிறேன். என் மகன் தன்னுடைய செல்ஃபிகள் சிலவற்றைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் ஏற்றிக் கோட்டு சூட்டோடு படங்களைப் பெற்றுக்கொண்டான். பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கின்றன. கைபேசியிலேயே நல்ல கேமரா இருக்கும்போது ஸ்டூடியோவுக்கு எதற்காகப் போக வேண்டும்?

பதில் 5: சென்னை_ஒளிப்படக்காரன்

ஐயா, கேள்வி நியாயமானதே. கைபேசியில் எடுக்கலாம். ஆனால் அதன் முதன்மைக் கேமரா அகலக் கோணம் கொண்டது. கைநீட்டும் தூரத்திலிருந்து எடுத்தால் கேமராவுக்கு அருகில் இருக்கும் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்வாங்கிவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஜூமில், சன்னலோரமாக இன்னொருவரை விட்டு எடுக்கச் சொன்னால் லிங்க்ட்இன்னுக்குத் தாராளமாகப் போதும். ஸ்டூடியோவில் நாங்கள் 85 முதல் 135 மில்லிமீட்டர் லென்ஸைப் பயன்படுத்துவதும் அந்தத் தூரத்துக்காகவே.

செயலி செய்து தரும் படத்தை ஆண்டறிக்கைக்கு நான் ஏற்க மாட்டேன். அது உங்கள் முகத்தைப் போன்ற ஒரு முகம். பங்குதாரர் கூட்டத்தில் எதிரே வந்து நிற்பவர் வேறு மாதிரி இருந்தால் சங்கடம் அவருக்குத்தான். சேலை என்று கேட்டால் அந்தச் செயலிகள் முந்தானையை வலத் தோளில் போட்டுவிடுவதும், ஊக்கே இல்லாமல் மடிப்பு அந்தரத்தில் நிற்பதும் தனிக்கதை.

கோவை_உற்பத்தி

அனைவருக்கும் மிக்க நன்றி. சேலை என்று முடிவு செய்துவிட்டேன். கண்ணாடிக் கடையிலும் சொல்லி வைத்துவிட்டேன். சீட் பெல்ட் விஷயம் எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது.

இன்னும் இரண்டு ஐயங்கள். எடுத்த படங்களில் ஒன்றை அன்றே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். என் படங்கள் எனக்கு எப்போதுமே பிடிப்பதில்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? அடுத்ததாக, செலவு முழுவதும் நிறுவனத்துடையது. அப்படியானால் அந்தப் படத்தை என் சொந்தப் பக்கத்தில் போட்டுக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? நாளை வேறு நிறுவனத்துக்குப் போனால்?

பதில் 6: பெங்களூர்_மக்கள்தொடர்பு

முதல் ஐயத்துக்கு எளிய காரணம் உண்டு. நாம் நம்மை நாள்தோறும் பார்ப்பது கண்ணாடியில், இடவலம் மாறித்தான். 1977-இல் அமெரிக்காவில் நடந்த உளவியல் ஆய்வு ஒன்றில், பெண்களுக்குத் தங்கள் கண்ணாடிப் பிம்பமும் அவர்களுடைய தோழியருக்கு நேர்ப்படமும் கூடுதலாகப் பிடித்திருந்தன. ஆகவே உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டாம். உங்களோடு நாள்தோறும் வேலை செய்யும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள், தேர்வை அவரிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களைவிட உடன் பணியாற்றுபவரே இதற்கு ஏற்றவர். வீட்டார் சிரிப்பை மட்டும் பார்ப்பார்கள். பெரும்பாலான ஸ்டூடியோக்களில் கேமராவைக் கணினியோடு இணைத்தே எடுப்பதால், முதல் சில படங்கள் எடுத்தவுடன் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டு விலகியிருந்தாலும் தாலிச் சரடு முறுக்கிக்கொண்டிருந்தாலும் அப்போதே சரிசெய்துவிடலாம்.

இரண்டாவது ஐயம் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17-இன்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், மாறான ஒப்பந்தம் இல்லாத வரையில், எடுக்கச் சொன்ன அவரே. இங்கே எடுக்கச் சொல்லிப் பணம் கொடுப்பது நிறுவனம். முகம் உங்களுடையது என்றாலும் படத்தின் பதிப்புரிமை நிறுவனத்துக்குப் போகும். இதனால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை, ஆனாலும் படம் எடுக்கும் நாளுக்கு முன்பே மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, "எனது படத்தை எனது தொழில்சார்ந்த சொந்தப் பக்கங்களிலும், பணியிலிருந்து விலகிய பின்னரும், பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்" என்று கேட்டுப் பதிலைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவும் தன் விளம்பரத்துக்கு உங்கள் படத்தைப் பயன்படுத்த விரும்பலாம். அன்றைக்குக் கையெழுத்துக்கு நீட்டும் தாளில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அதே மின்னஞ்சலின் நகலை ஸ்டூடியோவுக்கும் அனுப்பி, திருத்தங்களைப் பற்றியும் எழுதிவிடுங்கள்: தற்காலிகமான பரு, உதிர்ந்த முடி ஆகியவற்றை நீக்கலாம், மச்சம், நெற்றிச் சுருக்கம், தோலின் நிறம் ஆகியவற்றை மாற்றக் கூடாது, கண்ணுக்குக் கீழுள்ள கருமையைப் பாதியளவு குறைக்கலாம். வாயால் சொன்னது படம் எடுப்பவரோடு நின்றுவிடும்; கணினியில் திருத்துபவர் பெரும்பாலும் வேறொருவர், அவர் உங்களைப் பார்த்திருக்கவே மாட்டார். கோப்புகளை இரண்டு அளவில் கேளுங்கள். அச்சுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வேண்டும், அதாவது நான்குக்கு ஐந்து அங்குலப் படத்துக்கு 1200-க்கு 1500 பிக்சல். லிங்க்ட்இன்னுக்குக் குறைந்தது 400-க்கு 400 பிக்சல், 8 எம்பிக்குள். அங்கே படம் வட்டமாக வெட்டப்படும் என்பதால் தலைக்கு மேலும் இரு தோள்களுக்கு வெளியேயும் சற்று இடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், பிறகு அச்சகத்திலிருந்து எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தொலைபேசி வரும்.